நாற்பத்திரண்டு எங்கே?

போன வாரம் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். பழைய புரோகிராம் ஒன்று கையில் வருகிறது. அது உளுத்துப்போயிருக்கிறதா, இல்லை வெறுமனே வயதாகியிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மரமாக இருந்தால் தட்டிப் பார்க்கலாம். புரோகிராமில் எதைத் தட்டுவது? அந்த நேரம் பார்த்து டீ வந்துவிட்டதால் ஏதோ சொல்லி நழுவிவிட்டேன். உண்மையில் எனக்கு அதைக் காட்டிக்கொடுத்தவர் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர். கம்ப்யூட்டரை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கதையையே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதியில் நெய்வேலியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் அட்டையில் துளை போடும் வேலை. பிறகு, துளை போட்ட அட்டைகளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குப் புரிய ஆரம்பித்ததை யாரோ கவனித்துவிட, புரோகிராம் எழுத உட்கார வைத்தார்கள். எங்கள் பிரிவில் மொத்தம் ஒன்பது பேர். அலுவலகத்திலேயே குளிர்சாதனம் இருந்தது எங்கள் மெஷின் அறையில் மட்டும்தான். அதனால் மே மாதத்தில் பெரிய அதிகாரிகளுக்குக் கம்ப்யூட்டர் மீது திடீர் ஆர்வம் வரும். ஜூலையில் மழை விழுந்ததும் போய்விடும்.

நாங்கள் ஓட்டிய புரோகிராம்களில் ஊரே காத்திருந்து படித்தது ஒன்றைத்தான்: குவார்ட்டர்ஸ் பட்டியல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, யாருக்கு எந்த பிளாக்கில் எந்த வீடு என்று அச்சாகி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். அதைப் பார்த்துவிட்டுக் கல்யாணத் தேதி குறித்தவர்கள் உண்டு. மாமியாரை ஊருக்கு அனுப்பியவர்களும் உண்டு.

அந்தப் புரோகிராமை எழுதியவர் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கனவான். நான் சேர்வதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்போதெல்லாம் ஒரு வரிக்கு ஓர் அட்டை. ஒரு புரோகிராம் என்றால் ஒரு நீளப் பெட்டி நிறைய அட்டைகள். அந்தக் கனவானுக்குக் காய்கறி மீது என்ன பற்றோ, புரோகிராமுக்குள் எண்களைப் போட்டு வைக்கும் இடங்களுக்கெல்லாம் கத்தரி, வெண்டை, அவரை என்று பெயர் வைத்திருந்தார். வெண்டையைப் புடலையோடு ஒப்பிட்டு, பெரியதாக இருந்தால் அவரைக்குப் போ என்று இருக்கும். அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டு டிபனைத் திறக்கவே எனக்குக் கொஞ்ச நாள் கூச்சமாக இருந்தது.

அது ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் வருஷத்துக்கு இரண்டு மூன்று சர்க்குலர் வரும். இவர்களுக்கு முன்னுரிமை, அவர்களுக்குக் கிடையாது, இன்னாருக்கு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு என்று. ஒவ்வொரு சர்க்குலருக்கும் எங்களில் யாராவது ஒருவர் பத்துப் பதினைந்து அட்டைகளைத் துளை போட்டு, பெட்டியில் சரியான இடம் என்று தோன்றிய இடத்தில் செருகுவார். எதையும் எடுக்க மாட்டோம். எடுத்தால் என்ன விழும் என்று யாருக்கும் தெரியாது.

பயம் அப்படி. திருவதிகைக்காரரான ஆபரேட்டர் தனபால் அந்தப் பெட்டியைத் தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்குவார். ஓர் ஆயுத பூஜையன்று பக்தி மிகுதியில் முதல் அட்டைக்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டார். மறுநாள் கார்டு ரீடர் அதை விழுங்க மறுத்து, குங்குமத்தோடு திருப்பித் துப்பியது. சாமிக்கு ஏற்றது மெஷினுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தனபால் இரண்டு நாள் வருத்தமாக இருந்தார். அந்த ஓர் அட்டையை மட்டும் நான் மறுபடி துளை போட்டேன். அந்தச் சாக்கில் மற்ற அட்டைகளையும் ஒரு பார்வை பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம், பட்டியல் ஒட்டி நான்காம் நாள், குவார்ட்டர்ஸ் ஆபீஸிலிருந்து போன் வந்தது. ஒரே வீட்டு வாசலில் இரண்டு லாரி நிற்கிறது, இரண்டு பேரிடமும் அலாட்மெண்ட் கடிதம் இருக்கிறது, உங்கள் மெஷின் செய்த வேலையை நீங்களே வந்து பாருங்கள் என்றார்கள். எங்கள் பிரிவுத் தலைவர் கோபிசெட்டிபாளையம் பக்கத்துக்காரர். சத்தம் போடாத மனிதர். தன் ஸ்கூட்டரின் பின்னால் என்னை உட்காரவைத்துக் கூட்டிப்போனார். 

முதல் லாரி எலெக்ட்ரீஷியன் காதர் பாஷாவுடையது. மனைவி ரஹ்மத், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பையன்கள். காலையிலேயே வந்து, கட்டிலை உள்ளே போட்டுவிட்டிருந்தார்கள். இரண்டாவது லாரி ஃபிட்டர் இசக்கிமுத்துவுடையது. அவர் திருநெல்வேலிக்காரர். மந்தாரக்குப்பத்தில் இருந்த வாடகை வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அவர் மனைவி சொர்ணம்தான் நான் சொன்ன கர்ப்பிணி. ரஹ்மத் போட்ட ஸ்டூலில் வாசலோரமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ஆண்கள் இருவரும் சண்டை போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கடிதங்களை எங்கள் தலைவரிடம் நீட்டி, நீங்களே சொல்லுங்கள் சார் என்று நின்றார்கள். இரண்டு கடிதமும் உண்மை. ஒரே பிளாக், ஒரே வீட்டு எண், ஒரே கையெழுத்து. காத்திருப்போர் வரிசை எண் மட்டும் வேறு. காதருக்கு நாற்பத்தொன்று, இசக்கிமுத்துவுக்கு நாற்பத்து மூன்று. ஆக, வீடு காதருக்குத்தான். இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். அவர் மனைவியின் முகத்தை நான் பார்க்கவில்லை.

தலைவர் என்னைத் தனியே அழைத்து, நாளை மத்தியானத்துக்குள் அடுத்த வகை வீடுகளின் பட்டியல் போக வேண்டும், அதற்குள் ஒரு செக் வைத்துவிடு என்றார். ஒரே வீடு இரண்டு முறை வந்தால் இரண்டாவது பெயரை அடித்துவிட வேண்டும். நான்கு அட்டை போதும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சொல்லப்போனால், அங்கே நின்றபடியே மனதுக்குள் அந்த நான்கு வரியையும் எழுதி முடித்துவிட்டேன்.

கிளம்பும்போது சொர்ணம் இரண்டு கடிதங்களையும் மடியில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"யக்கா, இது நாப்பத்தொண்ணு, எங்களுது நாப்பத்திமூணு. அப்பம் நாப்பத்திரண்டு எங்க?"

 பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி நான்கு அட்டையையும் துளை போட்டேன். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கும்போதும் அந்தக் கேள்வி உள்ளே கிடந்து உறுத்தியது. சரி, போகட்டும் என்று குவார்ட்டர்ஸ் ஆபீஸ் கிளார்க்குக்குப் போன் போட்டு, அவர் கையால் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டில் நாற்பத்திரண்டு யார் என்று கேட்டேன். கலியபெருமாள், சுரங்கத்தில் பம்ப் பிரிவு, பெயர் இருக்கிறது என்றார். எங்கள் பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. வீடு கிடைத்தவர்களிலும் இல்லை, கிடைக்காதவர்களிலும் இல்லை. மனிதர் நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்து மூன்றுக்கும் நடுவே எங்கோ விழுந்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். ஒரே வீட்டுக்குக் கடிதம் வந்த இருவரும் லாரியோடு வந்து நின்றார்கள், அதனால் தெரிந்தது. கடிதமே வராதவர் எங்கே போய் நிற்பார்? நான் அந்த நான்கு அட்டையைச் செருகியிருந்தால் ஒரே வாசலுக்கு இரண்டு லாரி வருவது ஓய்ந்திருக்கும். கலியபெருமாள் மட்டும் அடுத்த பட்டியலிலும், அதற்கடுத்ததிலும், சத்தமில்லாமல் விழுந்துகொண்டே இருந்திருப்பார். சத்தம் போடுகிற தவறை அடக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற பழக்கம் நம் தொழிலில் எல்லாருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது.

எங்கே விழுந்தார் என்று தேட வேண்டும். முதல் அட்டையிலிருந்து படித்தால் காய்கறி மார்க்கெட் முழுவதையும் சுற்ற வேண்டும். அதற்கு நேரமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனேன். தனபால் பதறிப்போய்ப் பின்னாலேயே வந்தார்.

வெயிலில் வைத்து, படிக்காமல், பெட்டியை மேலிருந்து சும்மா பார்த்தேன். அட்டைகள் கலைந்தால் அடுக்குவதற்கு வசதியாக, கட்டின் மேல் விளிம்பில் குறுக்காக ஒரு கோடு போட்டு வைப்பது அந்தக் கால வழக்கம். கனவான் போட்ட நீலக் கோடு பெட்டியின் ஒரு முனையிலிருந்து ஓடி வந்தது. பழைய அட்டைகள் பழுப்பேறியிருந்தன. அந்தப் பகுதியில் கோடு அறுபடவே இல்லை. பாதிப் பெட்டி தாண்டியதும், ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள் கோடு காணாமல் போயிற்று. வெள்ளை, ரோஸ், வெளிர் பச்சை என்று எந்தெந்த வருஷம் ஸ்டோரில் எந்த நிற அட்டை இருந்ததோ அத்தனையும் அங்கே கலந்து கிடந்தன. அதைத் தாண்டினால் மறுபடி பழுப்பு, மறுபடி நீலக் கோடு. எந்தச் சர்க்குலர் வந்தாலும், யார் கை வைத்தாலும், எல்லாக் கையும் அந்தக் கட்டைவிரல் அகலத்துக்குள்ளேயே போயிருக்கிறது.

தனபால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் ஒரே எடத்துலயே குத்திகினு இருந்திருக்கீங்க மேடம்."

அந்தக் கட்டைவிரல் அகல அட்டைகளை மட்டும் எடுத்து மேஜையில் பரப்பினேன். இவருக்கு ஏற்கனவே வீடு இருக்கிறதா என்ற ஒரே கேள்வியை நான்கு இடத்தில் நான்கு விதமாகக் கேட்டிருந்தார்கள். மெஷின் எப்படி ஓடினாலும் போய்ச் சேர முடியாத வரிகள் சில இருந்தன. அதற்கு நடுவே ஏழு ரோஸ் அட்டைகள். பதினோரு ஊழியர் எண்களைப் பட்டியலிட்டு, இவர்களில் யாராவது வந்தால் அப்படியே தாண்டி அடுத்த ஆளுக்குப் போ என்றன. கலியபெருமாளின் எண் அதில் ஏழாவதாக இருந்தது. எந்தப் புண்ணியவான் இதை எழுதினான் என்று வாய்விட்டே திட்டினேன். தலைப்பு அட்டையில் குறிப்பு இருந்தது: இது தற்காலிகம், அடுத்த மாதம் எடுத்துவிடவும். அதன் கீழே எழுதியவரின் முதலெழுத்துகள் இருந்தன. என்னுடையவை.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சுரங்கத்திலிருந்து தெர்மல் மின் நிலையத்துக்கு மாற்றப்பட்ட பதினோரு பேருக்குப் புது எண் கொடுத்தார்கள். பழைய எண்ணும் புது எண்ணும் இரண்டும் பட்டியலில் வந்து, ஒருவருக்கே இரண்டு வீடு போய்விடக் கூடாது என்று ஓர் அவசர மத்தியானத்தில் நான் போட்ட தடுப்பு அது. அடுத்த மாதமே பழைய எண்களை நீக்கிவிட்டார்கள். நான் அட்டைகளை நீக்கவில்லை. பிறகு காலியான அந்த எண்களைப் புதிதாக பெர்மனன்ட் ஆனவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் முதலில் வரிசையின் தலைக்கு வந்தவர் கலியபெருமாள்.

ஒரு வீடு இரண்டு பேருக்குப் போன கதையும் அங்கேயே இருந்தது. ஆரம்பத்தில் ஒருவருக்குக் கடிதம் அச்சானதுமே அந்த வீட்டைக் காலிப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். கணவன் மனைவி இருவரும் வேலையில் இருந்தால் ஒரே வீடுதான் என்று பிறகு ஒரு சர்க்குலர் வந்தது. அதற்காக யாரோ, அடுத்த பெயர் அவருடைய கணவனோ மனைவியோ என்று பார்த்துவிட்டு அப்புறம் வீட்டை அடி என்று மாற்றியிருந்தார். காதருக்குக் கடிதம் போயிற்று. அடுத்த பெயர் கலியபெருமாள். என் அட்டைகள் அவரைத் தாண்டிக் குதித்தபோது, வீட்டை அடிக்கும் இடத்தையும் சேர்த்துத் தாண்டிவிட்டன. அடுத்து வந்த இசக்கிமுத்துவுக்கு அதே வீடு. தனியாகப் பார்த்தால் என் அட்டையும் சரி, அதை மாற்றியவரின் அட்டையும் சரி. பக்கத்தில் பக்கத்தில் செருகியதுதான் வினை.

ஏழு அட்டையையும் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனேன். நாளைய பட்டியலை நிறுத்த வேண்டும், காரணம் நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"ஏனுங்க அம்மிணி, இதைச் சொல்லித்தான் ஆகோணுங்களா?"

சொல்லாமல் அட்டையை மட்டும் எடுத்துவிட்டால் புரோகிராம் சரியாகிவிடும், கலியபெருமாளுக்குக் கைநழுவிய வீடு திரும்பாது என்றேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு போனை எடுத்தார். அந்த மனிதர் அன்று போனில் வாங்கிய வசவு முழுவதும் எனக்கு வர வேண்டியது. ஒரு தடவைகூட என் பெயரைச் சொல்லவில்லை. பதினோரு எண்களையும் சரிபார்த்தோம். இன்னும் மூன்று பேர் வரிசையில் வெகு கீழே இருந்தார்கள். அவர்கள் முறை வருவதற்குள் தப்பித்தார்கள்.

மறுநாள் கலியபெருமாளைத் தேடிப் போனேன். ஷிஃப்ட் முடிந்து, சேத்தியாத்தோப்பு பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நடுவயது, ஒல்லியான உருவம். நான் யார் என்று சொன்னதும் டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அதுவே எனக்குத் தாங்கவில்லை. பட்டியலை நோட்டீஸ் போர்டில் பார்த்தீர்களா என்று கேட்டேன். மூன்று தடவை பார்த்தாராம். ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்றேன்.

"கம்ப்யூட்டரே பேர வுட்டுடிச்சின்னா எம்மேலதான் ஏதோ கொறைன்னு நெனச்சிகினேங்க. வூட்லயும் அப்படித்தான் சொல்லிட்டேன்."

குறை என்மேல் என்று சொன்னேன். விளக்க ஆரம்பித்தேன். பாதியில் அவர் பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவர் நின்று, அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன், நீங்கள் முழுசாகச் சொல்லுங்கள் என்றார். முழுசாகச் சொன்னேன். கடைசியில் அவருக்கு இருந்த ஒரே சந்தேகம், இதை வீட்டில் சொன்னால் நம்புவார்களா என்பதுதான். அதை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நான் என் வாழ்நாளில் எழுதிய மிகத் தெளிவான ஆவணம் அதுதான்.

அடுத்துக் காலியான வீடு அவருக்குப் போயிற்று. அதற்கடுத்தது இசக்கிமுத்துவுக்கு. நாற்பத்திரண்டு எங்கே என்று சொர்ணம் கேட்காமல் இருந்திருந்தால், முதலில் காலியான வீடே அவருக்கு வந்திருக்கும். அதைப் போய்ச் சொல்ல வேண்டியதும் நான்தான். அவர் கேட்டுவிட்டு, அந்த அண்ணாச்சிக்கு எத்தனை பிள்ளைகள் என்றார். மூன்று என்றேன். சரிதான் என்று தலையாட்டினார். அவ்வளவுதான். இதற்கிடையில் ரஹ்மத் யாரையும் கேட்காமல் முன்னறையிலிருந்து கட்டிலை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு, இசக்கிமுத்துவின் லாரியை இறக்கச் சொல்லியிருந்தார். ஒரு குவார்ட்டர்ஸில் இரண்டு குடும்பம் இருக்கக் கூடாது என்று தெளிவான விதி இருந்தது. விசாரிக்க வந்த குவார்ட்டர்ஸ் ஆபீஸ்காரர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, அங்கே ஒரு குடும்பம்தான் இருப்பதாக எழுதிக்கொண்டு போனார். சொர்ணத்துக்குப் பெண் குழந்தை பிறந்து, இருபது நாள் கழித்துத்தான் அவர்கள் வீடு மாறினார்கள்.

பிறகு தலைவரிடம் மூன்று வாரம் அவகாசம் கேட்டேன். எங்களில் ஒருவருக்கு ரத்தம் சூடாகி, பெட்டி முழுவதையும் தூக்கிப்போட்டுப் புதிதாக எழுதலாம் என்றார். கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஒழித்துக்கட்ட அவருக்கு ரொம்ப நாள் ஆசை. நான் மறுத்தேன். படிக்க அசிங்கமாக இருக்கிறது என்பது வேறு, உளுத்துப்போயிருக்கிறது என்பது வேறு. காய்கறிப் பக்கத்தில் பத்து வருஷமாக யாரும் கை வைக்கவில்லை, யாருக்கும் கை வைக்கத் தேவையும் வரவில்லை. கோடு அறுபடாமல் இருக்கிறது. அது தன்பாட்டுக்கு இருக்கட்டும். கட்டைவிரல் அகலத்தை மட்டும் பிரித்து எழுதுவோம் என்றேன். யாருக்கு வீடு இருக்கிறது என்ற கேள்வி இனி ஓரிடத்தில் மட்டும். வீட்டை அடிப்பது ஓரிடத்தில் மட்டும். தற்காலிகம் என்று எழுதினால், எடுக்கும் தேதி தனபாலின் காலண்டரில் ஏற வேண்டும். அந்தத் தேதியில் அட்டையை எடுக்காதவர் எல்லாருக்கும் போண்டா வாங்க வேண்டும். முதல் போண்டாவை முன்தேதியிட்டு என்னிடமே வசூலித்தார்கள்.

உங்கள் கையில் இப்போது அட்டை இல்லை. வெயிலில் வைத்துப் பார்க்கவும் ஒன்றுமில்லை. ஆனாலும் எந்த இடத்தில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கை வைத்திருக்கிறார்கள், எந்த இடத்தைத் தொட எல்லாரும் பயப்படுகிறார்கள், ஒரு சின்ன மாற்றத்துக்கு எத்தனை இடத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். இந்த மூன்றும் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே உட்காருங்கள். எழுதியவர் யார் என்று மட்டும் தேடாதீர்கள். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் தேடுகிறவர்தான்.

அந்த வேலை முடிந்த இரண்டாம் மாதம் ஒரு சர்க்குலர் வந்தது. முன்பெல்லாம் அப்படி ஒன்று வந்தால் இரண்டு வாரம் எங்களுக்கு உயிர் போகும்; தலைவர் தினமும் வீடு போய்ச் சேர ராத்திரியாகிவிடும். காலையில் படித்தேன், ஓரிடத்தில் ஆறு அட்டையை மாற்றினேன், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே பட்டியல் தலைவரின் மேஜையில் இருந்தது. அவர் நம்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் முடிந்தால் ஏதோ தப்பு இருக்கிறது என்று, கிளார்க்கின் கையெழுத்துப் பதிவேட்டை வரவழைத்து, ஒவ்வொரு பெயராகப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டு நாலரை மணி வரை உட்கார்ந்திருந்தார். ஒரு தப்பும் கிடைக்கவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் என்னைப் பார்த்தார்.

"அப்ப இத்தனை வருசமா நாம என்னதானுங்க பண்ணீட்டிருந்தோம்?"

 அவர் பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஐந்து மணிச் சங்கு ஊதியதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பகல் வெளிச்சத்தில் அவர் வீட்டுக்கு வந்து நின்றதைப் பார்த்த அவர் மனைவி, உடம்புக்கு என்ன என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாராம்.